ஒட்டிவைத்த சட்டைப்பை

தலையில் அடித்துச் சத்தியம்: இதில் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒட்டுப்படக்காரி தன் கணவரை வருடக்கணக்காகச் சாகவிடாமல் ஒரு பலகையில் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தாள்.

ஓவியர்கள் வண்ணத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பலகையில் ஒட்டுவாள். அதனால்தான் அந்தப் பெயர். இளமையில் சுவரிலிருந்து உரித்த சுவரொட்டிகள். அப்போது அவள் படங்களெல்லாம் கூட்டத்தைப் பற்றியவை, பக்கத்தில் போனால் முணுமுணுப்பு கேட்கும். வெல்டிங் பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்ட பிறகு இரும்புக்கு மாறினாள். பட்டறையில் கழித்துப்போட்ட தகடும் சங்கிலியும் இயந்திரங்களாகிப் பலகையில் ஏறின. படச்சட்டமெல்லாம் அவரே பற்றவைத்துக் கொடுத்தார். மகள் பிறந்ததும் துணியும் பொத்தானும் வந்தன, படங்களில் மனித உடம்புகள் வந்தன.

எதை ஒட்டினாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வேலை முடிந்த சாமானைத்தான் ஒட்டலாம். முடியாததை ஒட்டினால் அது பலகையிலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஓடிக்கொண்டிருந்த அலாரம் கடிகாரத்தில் பாதியை ஒட்டி விற்ற படத்தை, வாங்கிய பல் டாக்டர் ஒரே வாரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார். "தாயே, நீங்களே வெச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமைகூட அஞ்சு மணிக்கு எழுப்பி விடுது." நல்ல குடையை வெட்டி ஒட்டிய படத்தை மட்டும் அவர்கள் விற்கவில்லை. கூரை எவ்வளவு ஒழுகினாலும் அதன் கீழே ஒரு சொட்டு விழாது. மழைக்காலத்தில் மூவருக்கும் படுக்கை அங்கேதான்.

பட்டறைப் புகை கணவரின் நெஞ்சில் படிந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மாதம் கெடு வைத்துக் கையை விரித்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தரியை எடுத்து, அவர் போட்டிருந்த சட்டையின் மார்புப் பையை அப்படியே வெட்டி, புதுப் பலகையின் நடுவில் ஒட்டினாள். பசை காய்வதற்குள் பை மூச்சைப்போல ஏறி இறங்கத் தொடங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்.

கெடு வைத்த டாக்டர் ஓய்வு பெற்றார், பிறகு காலமும் ஆனார். பட்டறைக்காரர் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். ஆனால் பை அவரைச் சாகத்தான் விடவில்லை, இருமலை நிறுத்தவில்லை. படுத்தால் மூச்சு நிற்கும். பை இழுத்து இழுத்து அதைத் திரும்பக் கொண்டுவரும். நாற்காலியிலேயே தூங்கப் பழகினார். கண்ணாடியில் அவர் உருவம் மங்கி, பிறகு வருவதையே விட்டுவிட்டது. மகள்தான் சவரம் செய்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் அவர் பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதை உரிச்சிடும்மா."

"என்னங்க பேச்சு இது?"

"வேலை முடியாத சாமானை ஒட்டக்கூடாதுன்னு ஊருக்கே உபதேசம் பண்ணவ நீ. இப்ப என் வேலை முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. இந்தப் பைதான் ஒத்துக்க மாட்டேங்குது."

மகள் குறுக்கே வந்து நின்றாள். "அம்மா, அதுல கை வெச்சா உன்னோட பேச்சே கிடையாது. அப்பாவ நீயே..."

"நீ சும்மா இரு கண்ணு," என்றார் அவர். "உங்கம்மா கோணலா மாட்டின படத்தையெல்லாம் இத்தனை வருஷமா நிமிர்த்தி மாட்டினவன் நான். ஒரே ஒரு தடவ என் பேச்சைக் கேக்கட்டும்."

ஒட்டுப்படக்காரி கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியைப் பையின் ஓரத்தில் காட்டினாள். ஒரு கையால் கெட்டிலைப் பிடித்து மறு கையால் உரிக்க வரவில்லை. மகள் வந்து கெட்டிலை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஓரம் கிளம்பக் கிளம்பப் பை மெதுவானது. கடைசி மூலைக்கு வந்தபோது ஒட்டுப்படக்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பற்றவைத்த இணைப்பைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவாரே, அப்படித் தலையாட்டினார். வெதுவெதுப்பாக இருந்த பையை அவர் கையில் வைத்தாள். எதையோ தேடுவதுபோல் இரண்டு விரலை அதற்குள் விட்டார், அதோடு சரி.

பலகையில் அந்த இடம் காலியாக இருக்கிறது. எதை ஒட்டினாலும் விடிவதற்குள் விழுந்துவிடும். அதன்பின் அவள் செய்த எல்லாப் படங்களிலும் நடுவில் அதே அளவுக்கு ஒரு வெற்றிடம். விமர்சகர்கள் இல்லாமையின் தத்துவம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நேரில் கேட்டவர்களிடம் அவள், "அங்க பசை பிடிக்கல," என்று மட்டும் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பொறி உள்ளே விழுந்து நெஞ்சைச் சுட்டுவிடும் என்பதால் பட்டறைக்காரர் சட்டையில் பை வைத்துத் தைத்ததே இல்லை. அப்படியானால் அவள் வெட்டிய பை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.