மண்ணுக்குப் போட்ட மாத்திரை

பூவனலிங்கத்தின் கரிசல் நிலத்துக்குப் போன வருஷம் சித்திரையில் ஞாபகம் திரும்பியது. கோடையில் கரிசல் வெடிப்பது வழக்கம்தான். அந்த முறை வெடிப்புகள் எழுத்துகளாக விழுந்தன. முதலில் பார்த்தவர் ஆடு மேய்க்கும் மாடக்கண்ணு. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க பேருல்லா கெடக்கு" என்று போனில் சொன்னார்.

ஒவ்வொரு எழுத்தும் ஆள் நீளம். கையெழுத்து யாருடையது என்று பூவனலிங்கத்துக்குத் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு முன் அறிவொளி வகுப்புக்குப் போய்வந்த அவர் மனைவி வெள்ளைத்தாய், அதே இடத்தில் குச்சியால் எழுதிய பெயர். வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுதிவிட்ட சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். புருஷன் பேரை மண்ணில் போட்டு மிதிக்கவா என்று கத்தி, பருத்தி எடுக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் அவளை மண்டிபோட்டு முந்தானையால் அழிக்க வைத்தார். அதன்பிறகு அவள் பென்சிலைத் தொட்டதில்லை.

மண்ணுக்கு ஞாபகம் வந்த காரணமும் அவருக்குத் தெரியும். வெள்ளைத்தாய்க்கு இரண்டு வருஷமாக மறதி. நரம்பும் நரம்பும் சேரும் இடத்தில் ஒரு ரசாயனம் திரும்பத் திரும்ப ஓடித்தான் படித்தது தடமாகிறது, அது வற்றாமல் மாத்திரை கொஞ்சம் காக்கும் என்று கோவில்பட்டி டாக்டர் சத்யபிரியா சொன்னார். பயத்திலும் அவமானத்திலும் வேறொன்று சுரக்கும், அப்போது பதிந்தது லேசில் போகாது என்றும் சொன்னார். எல்லாம் மறந்த வெள்ளைத்தாய் அவரைப் பார்த்துப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு போய்விடும் என்று பயந்து, எட்டு மாதம் தினம் ஒரு மாத்திரையாக அவளுக்குக் கொடுக்காமல் வயலில் புதைத்தார்.

டிராக்டர் விட்டு உழுதார். மறுநாள் அதே எழுத்து. ஊர் வந்து வாசித்தது. அவளை அழிக்க வைத்த அன்று பருத்தி எடுத்தவர்களில் நான்கு பெண்கள் வாசித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மாத்திரையை அவள் கையில் வைத்து, புதைத்ததைச் சொன்னார். "இத முழுங்குனா நான் செஞ்சது ஒனக்கு ஞாபகம் வந்துரும்." அவள் முழுங்கினாள். ஆனியில் ஒரு காலை சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாவ. நீங்களும் சிரிச்சீங்க."

ஆமாம் என்றார்.

ஐப்பசி மழையில் மற்ற வெடிப்பெல்லாம் மூடின, எழுத்து மூடவில்லை. உளுந்தை அதைச் சுற்றி விதைத்தார். பசுவந்தனை பஸ்ஸில் இப்போது அந்த இடத்துக்கு 'வெள்ளைத்தாய் எழுத்து' என்றே டிக்கெட் கேட்கிறார்கள். கண்டக்டரும் கிழித்துக் கொடுக்கிறார். பூவனலிங்கமும் அப்படித்தான் கேட்டு இறங்குகிறார், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு.