இரண்டு ஆசனம், ஒரு கம்பி

"இவ்வளவுதான் பெறும்" என்று அலெக்ஸாண்டர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க மன்னாரில் எவருக்கும் வாய் வராது. இருபத்தாறு வருடமாக வாகனம் மதிப்பிடுகிறார். பெயின்ற் அடித்து மறைத்த நசிவை விரலால் தட்டியே கண்டுபிடிப்பார். காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பார். இதெல்லாம் மற்றவர்களும் செய்வதுதான். அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது, சனம் கேலி செய்வது அதைத்தான். எல்லாம் பார்த்து முடிந்த பிறகு வாகனத்துக்குள் ஏறி, கதவைச் சாத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்து மூன்று பத்து, முப்பது மணி உருட்டுவார். ஏறக்குறைய பத்து நிமிடம். "மாதாவிட்டை விலை கேக்கிறார்" என்பார்கள். உண்மையில் மூக்குக்கும் காதுக்கும் வேலை செய்ய நேரம் வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஈரம் இருந்தால் மூன்றாம் பத்து முடிவதற்குள் மணந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலை தாழ்வுபாட்டுக் கிராமத்துக்கு மகள் டிலோஜினியையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அறிக்கைக்குப் படம் எடுப்பவள் அவள்தான். அவர் எடுத்தால் எல்லாப் படத்திலும் அவருடைய பெருவிரல் விழுந்திருக்கும். பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் அவள் யாழ்ப்பாணம் போகவேண்டும். திங்கட்கிழமை தாதியர் பயிற்சி தொடங்குகிறது. வீட்டில் மனிசி தலையணையும் மிளகாய்த்தூள் போத்தலும் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

மதிப்பிட வேண்டிய கார் கிறகரி சம்மாட்டியுடையது. நாலு படகு வைத்திருந்த மனுசன். கொழும்பில் ஒரு ஏலத்தில் இந்த ஜெர்மன் காரைக் கண்டு, இரண்டு படகை விற்று வாங்கிவந்தார். கூரை மடியும், இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கருவாடு காயும் ஊரில் இதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று கேட்காத ஆளில்லை. அவர் செத்து இரண்டு வருடம். இப்போது மனைவி றோஸ்மேரி விற்கிறார். இப்படியான கார்களைச் சேர்த்துவைக்கும் கொழும்புக்காரர் ஒருவர், அலெக்ஸாண்டர் கையெழுத்து வைத்தால் பார்க்காமலே வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தார்.

கார் நின்ற கொட்டகை கடலிலிருந்து ஐம்பது மீற்றர் தூரத்தில் இருந்தது. நல்ல நிழல். மன்னாரில் நிழல் கண்ட இடமெல்லாம் கழுதைகள் நிற்கும். இங்கே ஒன்றுகூட இல்லை. ஏழெட்டுக் கழுதைகள் வெளியே ரோட்டில், கொளுத்தும் வெயிலில், கொட்டகைக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றன. அலெக்ஸாண்டர் அதைக் கவனித்தார். ஆனால் அறிக்கையில் கழுதைக்கு இடமில்லையே.

காரை மூடியிருந்த படங்கை இழுத்ததும் டிலோஜினி "ஐயோ, வடிவு!" என்றாள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கார். கரு நீலம். ஓடியது அறுபத்தோராயிரம் கிலோமீற்றர். அவர் தட்டினார், காந்தத்தை ஓட்டினார், கீழே படுத்து ரோச் அடித்துப் பார்த்தார், சேஸி நம்பரின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். எல்லாம் சரி. பெயின்ற் பட்டறையில் அடித்தது அல்ல, தொழிற்சாலையில் அடித்தது. கூரைச் சீலையும் பழைய சீலைதான். இறக்குமதித் தடை வந்துபோன பிறகு, இப்படிக் கைபடாத பழைய காருக்கு ஆட்கள் கேட்ட விலை கொடுக்கிறார்கள். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. இந்த ஊரில் புதுச் சைக்கிள் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். இந்தக் காரில் ஒரு புள்ளி துரு இல்லை.

"பற்றறி எங்கை, தங்கச்சி?"

"அதைக் கழட்டி ஒண்டரை வருசம், அண்ணை," என்றார் றோஸ்மேரி. "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

வெயில் காரணமாகவோ, பாசம் காரணமாகவோ, அன்று மகளையும் பக்கத்து ஆசனத்தில் ஏறச் சொன்னார். அவள் போகப்போகிறாள், பத்து நிமிடம் கூட இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். கூரையைக் கையால் மடித்துவிட்டு இருவரும் இருந்தார்கள். செபமாலை உருண்டது. தோல் மணம், கொஞ்சம் பழைய பெற்றோல் மணம். முதலாம் பத்து. இரண்டாம் பத்து. கடலின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதை அவர் பிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

மூன்றாம் பத்தின் ஆறாவது மணியில் தலைக்குப் பின்னால் "டப்" என்று ஒரு அடி.

டிலோஜினி கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ஆசனங்களுக்குப் பின்னால் படுத்திருந்த பாதுகாப்புக் கம்பி நிமிர்ந்து நின்றது. கூரையில்லாத கார் புரண்டால் உள்ளே இருப்பவர்களின் தலை நசுங்காமல் காப்பதற்கான கம்பி அது. கார் சரியத் தொடங்கும் கணத்தில் தானாக எழும்பும். இரண்டு ஆசனத்துக்கும் சேர்த்து ஒரே கம்பி. கார் சரியவில்லை. பற்றறியும் இல்லை. எழும்ப வழியே இல்லை.

டிலோஜினி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். சிநேகிதிக்குச் சொல்லவேண்டும் என்று போனுடன் கடற்கரைப் பக்கம் போனாள். தேத்தண்ணியோடு வந்த றோஸ்மேரி கம்பியைக் கண்டார். தட்டம் கையிலிருந்து விழுந்தது.

"ஏறி இருந்தனீங்களோ, அண்ணை? சுத்திப் பாத்திட்டுப் போவியள் எண்டெல்லோ நினைச்சன்!"

"ஏன், என்ன?"

றோஸ்மேரி நிலத்தில் இருந்துவிட்டார். "என்ரை மனுசன் இதுக்குள்ளை இருந்து துடைச்சுக்கொண்டிருக்கேக்கை இப்பிடித்தான் எழும்பினது. சிரிச்சுப்போட்டு ஓட்டோவிலை ரவுணுக்குப் போனவர். ஓட்டோ பிரண்டு அந்த இடத்திலையே முடிஞ்சார். பிறகு வவுனியாவிலை இருந்து யசோதரன் எண்டு ஒரு மெக்கானிக் பாக்க வந்தவர். அவருக்கும் எழும்பினது. பயந்துபோய்ப் பற்றறியைக் கழட்டினதே அவர்தான். ஆறு நாள் ஒரு வாகனத்திலையும் ஏறேல்லையாம். ஏழாம் நாள் நெஞ்சுநோ எண்டு அம்புலன்ஸிலை ஏத்தினவை."

"அம்புலன்ஸ்?"

"பிரண்டது." றோஸ்மேரி முந்தானையால் வாயைப் பொத்தினார். "மற்ற எத்தினையோ பேர் ஏறி இருந்தவை, அண்ணை. ஒண்டும் நடக்கேல்லை. பாவசங்கீர்த்தனத்திலையும் சொன்னனான். மெசின் பழுது எண்டு பங்குச் சுவாமி சொன்னவர்."

பொய் சொல்லும் விற்பனைக்காரர்களை இருபத்தாறு வருடமாகப் பார்த்தவர் அலெக்ஸாண்டர். இந்த மனுசி பொய் சொல்லவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே கம்பி. இருந்தது இரண்டு பேர். கம்பி யாருக்காக எழும்பியது?

மூன்று மணி பஸ். வாசலில் கட்டிவைத்த தலையணை.

மகளை எங்கும் விடாமல் வீட்டில் பூட்டி வைக்கலாம். யசோதரனும் பூட்டிக்கொண்டுதானே இருந்தான். அறிய வேண்டும். தான் ஏறி இருந்து அது எழும்பினாலும் அவளுக்கு இல்லை என்று ஆகாது; அறிவதற்கு ஒரு வழிதான் இருந்தது. அதை நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனாலும் கம்பியில் இரண்டு கையையும் வைத்து முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். அது முனகிக்கொண்டு படுத்தது.

"பிள்ளை! இங்கை வா. ஒருக்காத் தனிய ஏறி இரு."

"திரும்பவுமோ? ஏனப்பா?"

"இடப்பக்க ஆசனம் சரியோ எண்டு பாக்கவேணும். பத்து நிமிசம். ஆடாமல் இரு."

அவள் ஏறிப் போனை நோண்டத் தொடங்கினாள். அவர் எட்ட நின்று செபமாலையை எடுத்தார். இவ்வளவு காலமும் மணியை உருட்டியிருக்கிறார், அன்றுதான் செபித்தார். அருள்நிறைந்த மரியே, என்னை எடு. அருள்நிறைந்த மரியே, இவளை விடு. முதலாம் பத்து. மகள் எதையோ பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் பத்து. றோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் பத்தின் ஐந்தாவது மணி. ஆறாவது மணி. அவருடைய விரல் அதைவிட்டு நகர மாட்டேன் என்றது. நகர்த்தினார். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

கம்பி படுத்தபடியே கிடந்தது.

இன்னும் ஒரு பத்து சொன்னார், மனம் கேட்காமல். அதுவும் முடிந்தது. ஒன்றும் எழும்பவில்லை. அப்படியென்றால் முதலில் எழும்பியது அவருக்குத்தான்.

அப்போது அவருக்கு வந்தது பயமல்ல, அப்பட்டமான சந்தோசம். ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினார். "என்னப்பா, காருக்கு இவ்வளவு புளுகமோ?" என்று அவள் நெளிந்தாள்.

"போவம், நேரம் போட்டுது," என்று சொல்லிக்கொண்டு அவள் போய் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி இருந்தாள். ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு, அவர் இருக்கவேண்டிய இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். கால் எடுபடவில்லை. இனி இந்தப் பிள்ளையோடு ஒரு வாகனத்தில், ஒரு நாளும் ஏற முடியாது.

"இறங்கு, பிள்ளை. றோஸ்மேரி மாமி ஓட்டோ பிடிச்சுத் தருவா. நீ அதிலை வீட்டை போய்ப் பொதியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போ. எனக்கு இங்கை எழுத்து வேலை கிடக்கு."

"பஸ் ஏத்திவிட வரமாட்டியளே?"

"நான் ஆறுதலா நடந்து வாறன்."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கோபத்தில் திரும்பிப் பாராமல்தான் ஓட்டோவில் ஏறினாள். ஆனால் மதில் மூலையில் திரும்பும்போது கையைக் காட்டினாள். அவரும் காட்டினார். நாலு சக்கரமும் இல்லாத அந்தச் சின்ன ஓட்டோ, கழுதைகளைச் சுற்றிக்கொண்டு, நேராகப் பத்திரமாகப் போனது. சத்தம் அடங்கும்வரை அவர் ரோட்டில் நின்றார்.

பிறகு றோஸ்மேரி போட்ட கதிரையில் இருந்து படிவத்தை விரித்தார். விலையை எழுதினார், ஒரு ரூபாய் கூட்டாமல், குறைக்காமல். கொழும்புக்காரருக்கு நடந்ததைத் தனியே சொல்லவேண்டும், அது வேறு. படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை. துரு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் கம்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு வழக்கமான தன் வட்ட எழுத்தில் எழுதினார்:

"பாதுகாப்புக் கம்பி: சரியாக வேலை செய்கிறது."