அம்மாவின் மேட்டில் சேம்பு

கியெமை நான் இரண்டு முறை அடித்தேன். முதல் அடிக்காக எங்கள் ஊரில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

அவன் லூ வம்சத்தான். வாரத்தில் நான்கு நாள் ஹனோயிலிருந்து வேனில் வெளிநாட்டுக்காரர்களை அழைத்து வருவான். இரண்டு மணி நேரக் காட்சி. ஓலைத் தொப்பி மாட்டி, சேற்றில் நாலு நாற்று நட வைத்து, மூங்கில் கூடையைக் கவிழ்த்து மீன் பிடிக்க வைத்து, கடைசியில் எருமை வண்டியில் ஏற்றி வயலைச் சுற்றிக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் திருப்பி அனுப்பிவிடுவான். வண்டியும் எருமையும் என் தம்பி ஹுவானுடையவை. டோன் வம்சத்தின் மூத்த கிளை நாங்கள். லூ வீட்டானுக்கு வண்டி ஓட்டுவது நமக்கு அழகில்லை என்று அவனிடம் சொன்னேன்.

"எருமை சும்மா நின்னாலும் தின்னத்தானே செய்யுது, அண்ணே" என்றான். விட்டுவிட்டேன்.

எங்கள் அம்மா வயலில் இருந்தாள். எங்கள் பக்கம் செத்தவர்களை முதலில் பெட்டியோடு நெல் வயலில்தான் புதைத்து மேடு கட்டுவோம். மூன்று வருடம் கழிந்த குளிர்காலத்தில் மேட்டைத் தோண்டி, எலும்புகளை வாசனை நீரில் கழுவி, சின்ன மண்பெட்டியில் அடுக்கி, வம்சத்து நிலத்தில் கொண்டுபோய் வைப்போம். பழைய குழியை மூடி, அதன்மேல் மூத்த மகன் ஒரு சேம்பு நடுவான். சேம்பு நிற்கிற இடத்தில் ஆள் இல்லை, உழலாம், மிதிக்கலாம் என்று ஊருக்குத் தெரியும். அம்மா போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய மேட்டில் புல்லைத் தவிர வேறெதுவும் முளைக்க விடமாட்டேன்.

கண் அறுவைக்காக ஹைஃபோங்கில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். வந்த மறுநாள் காலை ஊதுபத்தியும் மண்வெட்டியுமாக வயலுக்குப் போனேன். மேட்டில் ஒரு பாதி இல்லை. வண்டித் தடம் அதன்மேல் ஏறி இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கியெம் சின்னக் கொடியைப் பிடித்தபடி முன்னால் நடந்து வர, ஆறு வெளிநாட்டுக்காரர்களோடு வண்டி வந்தது. இடது சக்கரம் அம்மாவின்மேல் ஏறியது. உள்ளே பலகை முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மண்வெட்டிக் காம்பால் கியெமின் தோளில் அடித்தேன். சேற்றில் முட்டிபோட்டு விழுந்தான். வண்டியிலிருந்த ஒருவன் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்திருக்க வேண்டும்.

"பொணத்து மேல வண்டி ஓட்டிப் பொழைக்கிற வம்சமாடா நீங்க?" என்று கத்தினேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வரப்பேறி ஓடி வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் லூ வீட்டார்.

"பெரியப்பா, கைய எறக்குங்க" என்றான் கியெம். தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "சேம்பு நின்னுச்சு. நீங்க எலும்பு எடுத்துட்டீங்கன்னு நெனச்சோம். சக்கரத்தப் பாருங்க."

ஆரக்காலில் நசுங்கிய சேம்பு இலை சுற்றிக் கிடந்தது.

"அத நான் நடுவேனா? அடுத்த வம்சத்துக் குழியில கைவைக்க எனக்கென்ன பைத்தியமா? வீட்டு ஆளுதானே நடுவான்" என்றான் கியெம்.

நான் வண்டியைப் பார்த்தேன். ஹுவான் எருமையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை விரல்கள் வெளுக்கும்வரை கையில் சுற்றியிருந்தான். பிறந்ததிலிருந்து அவனை எனக்குத் தெரியும்.

"உங்க தம்பியக் கேளுங்க, அவன்தான்..." என்று கியெம் ஆரம்பித்தான்.

மண்வெட்டியைத் திருப்பி, இரும்பின் முதுகால் அவன் வாயில் அடித்தேன். பற்கள் தெறித்தன. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வண்டியில் ஒரு பெண் அலறினாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. முதல் அடி தெரியாமல் அடித்தது. இது தெரிந்தே அடித்தது.

லூ வீட்டார் நாற்றுக்கட்டு சுமக்கும் காவடித் தடிகளோடு பாய்ந்தார்கள். என் இடது காறை எலும்பு உடைந்தது. கீழே விழுந்த என்மேல் தடி இறங்குமுன் ஹுவான் குதித்து வந்து, எனக்குக் குறுக்கே நின்று, தார்க்குச்சியால் ஒருவனின் மண்டையைப் பிளந்தான். ஊர்க் காவலர்கள் வந்து பிரிக்கும்வரை அதற்குமேல் ஒரு அடிகூட என்மேல் விழ விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டு, முன்னோர் படங்களுக்கு எதிரில் அவனை முட்டிபோட வைத்தேன்.

"ஏன்டா?"

"கால்வாய் வளைவுல வண்டி திரும்பலண்ணே. வழி இல்லேன்னா பக்கத்து ஊரு வண்டியக் கூப்பிட்டுக்கறேன்னான் கியெம். அம்மாதானே, ஒரு வருசம் பொறுத்துக்குவாங்கன்னு..."

உடையாத கையால் எருமைச் சாட்டையை எடுத்து அடித்தேன். சட்டை கிழிந்தது, முதுகு கிழிந்தது. அவன் கையைத் தூக்கவே இல்லை. அவன் மனைவி வந்து என் காலைப் பிடித்தபோது நிறுத்தினேன்.

வெளியே டோன் வம்சத்தின் பெயர் அப்படியே இருந்தது. கியெமின் வாயை மருத்துவமனையில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் வீட்டுக் கல்யாணப் பேச்சு ஒன்று நின்றுபோனது. பிணத்தை மிதிக்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்றார்களாம். ஹுவான்தான் நட்டான் என்று லூ வீட்டார் சொன்னதை ஊர் நம்பவில்லை; என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து நாள் சொல்லவில்லை.

பலகை உடைந்து தண்ணீர் இறங்கிய பெட்டியில் அம்மாவை விட்டுவைக்க முடியாது. பதினோராம் நாள் காலை தோண்டினோம். ஊரே வரப்பில் நின்றது. கணக்குக்கு முன்னால் திறந்தால் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. தசை முழுதாகப் போயிருக்கவில்லை. ஹுவான் பிடித்துக்கொள்ள, நான் கத்தியால் ஒவ்வொரு எலும்பாகச் சுரண்டி எடுத்தேன். அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். இரண்டு முறையும் திரும்ப வந்து பிடித்தான். இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. சக்கரம் ஏறிய இடம்.

அதை மண்பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கியெமைப் பார்த்தேன். முகத்தைச் சுற்றிக் கட்டு. கையில் பற்றவைத்த மூன்று ஊதுபத்தி. தூரத்து வரப்பிலேயே நின்றான். அவன் அருகில் யாரும் நிற்கவில்லை.

குழியை மூடினார்கள். என் மைத்துனன் சேம்பைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். வாங்கி ஹுவானிடம் நீட்டினேன்.

"மூத்தவர்தானே நடணும்" என்றார் யாரோ.

"முன்னால நட்டவனே நடட்டும்" என்றேன். கடைசி வரப்புவரை கேட்கும்படி சொன்னேன். "அம்மா உள்ள இருக்கும்போதே அவ மேல சேம்பு நட்டது என் தம்பி. கியெமுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவன் வாய ஒடச்சேன்."

ஹுவான் சேம்பை வாங்கவில்லை. அதை அவன் கையில் திணித்து, பிடரியைப் பிடித்து, முகம் சேற்றில் புதையும்வரை அழுத்தினேன். என் உடைந்த காறை எலும்பு தோலுக்குள் நகர்ந்தது. விடவில்லை. முகத்தைச் சேற்றிலேயே வைத்துக்கொண்டு, கையால் தடவி அவன் குழி தோண்டி நட்டான்.

கியெம் வந்தான். ஊதுபத்திகளை அந்தச் சேம்புக்குப் பக்கத்தில் குத்தி, மூன்று முறை குனிந்து கும்பிட்டான். பிறகு என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமல், வரப்பில் நடந்து போனான். லூ வீட்டார் ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள்.