ஒன்பதாம் எண் பை

நான் மண்ணுக்குப் பிறந்த வீடு தேடுகிறவள் என்று அண்ணி கேலி செய்வாள். கேலியானாலும் சரியாகத்தான் சொல்கிறாள். மழைக்குப் பிறகு மலை ஓடையில் படிகிற வண்டல் எந்தச் சரிவிலிருந்து இறங்கியது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். காடு, வயல், சாலையோரம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு கைப்பிடி மண் எடுத்து, காயவைத்து, சலித்து, இயந்திரத்தில் வைப்பேன். வண்டல் எதோடு ஒத்துப்போகிறதோ, அங்கிருந்து வந்தது என்று அர்த்தம்.

இந்த வருடம் மட்டும் குடிநீர்த் தொட்டி மூன்று முறை தூர்ந்துவிட்டது. ஓடைக்கு மேலே உருளைக்கிழங்கு போடும் என் அண்ணனைத்தான் ஊரே கைகாட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நிரூபணமானால் அந்தச் சரிவில் மண்வெட்டியே படக்கூடாது என்று நீர்த்துறைப் பொறியாளர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இருப்பது அந்த ஒரு வயல்தான்.

வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். வேறு ஆள் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று எவரும் சொல்லிவிடக்கூடாதே என்று, எந்தப் பை எந்த இடத்து மண் என்று எனக்கே தெரியாதபடி பைகளின் எண்களைப் பொறியாளரையே மாற்றிப் போடச் சொன்னேன்.

தொட்டி வண்டலும் ஒன்பதாம் எண் பையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பொறியாளர் தன் தாளைப் பிரித்தார். ஒன்பது, அண்ணன் வயல்.

“கஷ்டமாதான் இருக்கும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

நல்ல மனிதர்தான். அன்று அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நானே போய்ச் சொல்வதுதான் முறை என்று மலை ஏறினேன். கேட்டதும் அண்ணன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வந்திருப்பேன். பேசாமல் போனதுதான் அழவைத்தது.

ஓடைப் பக்கமிருந்து அண்ணி தலையில் கூடையோடு ஏறி வந்தாள். “என்னம்மா, வந்ததும் வராததுமா அழுகை?”

சொன்னேன்.

“எங்க மண்ணும் ஓடை மண்ணும் ஒண்ணுன்னு கண்டுபிடிக்க மிஷின் வேணுமா? என் கழுத்தைக் கேட்டா சொல்லுமே!” என்று கூடையை வயலில் கவிழ்த்தாள். சாம்பல் நிற வண்டல். “ஆறு வருஷமா அள்ளிட்டு வந்து போடுறேன். நம்ம மண்ணுல சத்தே கிடையாது.”

ஆறு வருடமாக மாதம் இரண்டு ஞாயிறு இந்த வீட்டில்தான் சாப்பாடு. வாசலில் கவிழ்ந்து கிடக்கும் அந்தக் கூடையைத் தாண்டித்தான் உள்ளே போவேன். அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. விதிப்படி இரண்டு விரல் ஆழம் மேல்மண்ணைச் சுரண்டிப் பையில் போட்டிருக்கிறேன். ஓடை வண்டலை ஓடை வண்டலோடு ஒப்பிட்டுவிட்டு அண்ணனைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். ஒரு முழத்துக்குக் கீழே வயலின் சொந்த மண் வந்தது, சிவப்பாக.

“போட்ட மண்ணு திரும்ப ஓடைக்கே போயிடலயா அண்ணி?”

“அந்த எல்லைக் கல்லைப் பாரு. முழங்கால் உயரம் இருந்துச்சு. இப்ப கணுக்கால் உயரம்தான் தெரியுது.”

வயல் கரையவில்லை, வளர்ந்திருந்தது.

மறுநாள் ஓடையோடு மேலே நடந்தேன். சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய மண்ணை வளைவுக்குக் கீழே கொட்டியிருந்தார்கள். முட்டுக் கொடுத்த கற்கள் இந்த மழையில் சரிந்திருந்தன. சாம்பல் நிற மண். முன்பு சாலையின் மேல்பக்கம் மட்டும் மண் எடுத்த நான், கீழே எட்டிப் பார்க்கவே இல்லை. அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் போய் வைத்தேன்; தொட்டி வண்டல் இங்கிருந்து வந்ததுதான் என்று இயந்திரமும் சொன்னது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வெள்ளிக்கிழமை, என் தவறுகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொறியாளர் இரண்டு முறை படித்துவிட்டு, அண்ணன் பெயரைக் கோப்பிலிருந்து எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். “கூடை விஷயம் உனக்குத் தெரியும்தானே? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?”

அவன் உருளைக்கிழங்கிலிருந்து மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”