அனாமத்துக் கணக்கில் ஐந்நூற்று நாற்பது

1

இந்தக் கதை நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. "நீ எனக்குச் செய்தது எவ்வளவு என்றால்" என்று எழுதியதும் நின்றுபோனது. எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு கதையாக்கினேன்.

சட்டம் படிக்கும் ஒருத்தி. அவளை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் எனக்குச் சாதகமாகக் கூட்டிவிடுவேன். அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இவ்வளவும்.

2

முதல் தொடக்கம் (கைவிட்டது):

"நரைத்த தலைப் பேராசிரியர் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு, வாழ்க்கையும் இப்படித்தான் என்று"

அப்படி ஒரு பேராசிரியர் இல்லவே இல்லை. கல்லூரியில் கணக்கியல் எடுத்தவர் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போனார். சொல்லிக்கொடுத்தது அவளுடைய தங்கை. தன்னைவிட நான்கு வயது சின்னவளிடம் பாடம் கேட்டதை எழுதக் கூச்சப்பட்டு ஒரு பெரியவரை வரவழைத்திருந்தேன். மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டேன்.

3

மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டாள். நிறுவனக் கணக்கும் நிதியும் என்ற ஒரே தாளில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாள். நிறுவன வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் தன் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்திருந்தார். மூன்றாம் முறையும் தவறினால் அந்த நாற்காலி வேறொருவருக்கு.

தங்கை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறாள். காலை ஏழு பத்துக்கு வேன் வரும். ஆறு மணிக்கே ஈரத்தலையோடு சமையலறை மேசைக்கு வந்துவிடுவாள். முதல் நாள், அக்காவின் பழைய விடைத்தாள் நகலைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் டாண்ணு சமமா இருக்கே! நடுவுல இருக்கற எதுவும் சரியில்ல. எப்படிக்கா?"

"சமமா வரணும்னு புத்தகத்துலயே இருக்குல்ல? அதான் வர வச்சேன்."

"வர வச்சியா?"

"கடைசித் தொகையை முதல்ல எழுதிட்டேன். அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி..."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தீர்ப்பை எழுதிட்டு சாட்சி தேடியிருக்க. வக்கீலம்மா, இது கணக்கு இல்ல, வாதம்."

(இந்த இடத்தில் அவளுக்குக் கோபம் வந்ததாக ஒரு வரி இருந்தது. உண்மையில் வந்தது அழுகை. இரண்டையும் எடுத்துவிட்டேன்.)

4

ஒரு நாள் தங்கை தன் தொழிற்சாலையின் இருப்புநிலைக் குறிப்பைக் கொண்டுவந்தாள்.* அதில் 'ஒதுக்கு: நாற்பது லட்சம்' என்று இருந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குள் இருந்த வழக்கறிஞர் விழித்துக்கொண்டார்.

"நாப்பது லட்சத்தை வச்சுக்கிட்டா உனக்கு ரெண்டு மாசமா சம்பளம் இழுத்தடிக்கிறாங்க? நாளைக்கே நோட்டீஸ் விடலாம்டி!"

"அந்த நாப்பது லட்சம் எங்க இருக்குன்னு நெனைக்கற? பீரோவுலயா?"

"பின்ன?"

"பெட்டி மடிக்கிற மெஷினா நிக்குது. வருஷா வருஷம் வந்த லாபத்தை எடுக்காம அதுல போட்டாங்க. இந்தப் பக்கம் இருக்கறது பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு காட்டும். என்னவா ஆச்சுன்னு அந்தப் பக்கம் பாரு. பேங்க்ல எவ்ளோ?"

"எண்பதாயிரம்."

"அவ்ளோதான். வேணும்னா ஒரு பல்சக்கரத்தக் கழட்டி எனக்கு சம்பளமா வாங்கிக் குடு."

அக்காவும் சிரித்துவிட்டாள். அன்றுதான் எண்களுக்குப் பின்னால் பொருள்கள் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

* ஆண்டு இறுதியில் ஒரு நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, அது யாருடைய பணத்தில் வந்தது என்று காட்டும் தாள். நானும் மேசையில் அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓரத்தில் காப்பிக் கறை.

5

இங்கே ஒரு சந்தேகம். இந்தத் தங்கை ரொம்ப நல்லவளாக இருக்கிறாளே? "உனக்குச் சொல்லிக்குடுத்தா எனக்கும் மறக்காம இருக்கும்ல" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன். தினமும் கணக்கெழுதுகிறவளுக்கு எப்படி மறக்கும்? அது அவள் எனக்காக

(இல்லை, அக்காவுக்காக)

போட்ட ஒட்டு. அவள் போட்ட ஒரே பொய்க்கணக்கு.

மற்றபடி கறாரானவள். "தொகை சமமாகலன்னா ஒட்டுப் போடாத. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குன்னு தனியா எழுது. இன்னும் கண்டுபிடிக்கலன்னு ஒத்துக்கறதுக்குத்தான் அந்தக் கணக்கே இருக்கு."

6

தேர்வில் வித்தியாசம் ஐந்நூற்று நாற்பது வந்தது. எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. ஏழு நிமிடம் பாக்கி. பழைய பழக்கம் எட்டிப்பார்த்தது. ஒரு செலவை ஐந்நூற்று நாற்பது ஏற்றினால் போதும், இரண்டு பக்கமும் சமம், யார் பார்க்கப்போகிறார்கள்? பேனாவை மேசையில் வைத்தாள். மறுபடி எடுத்து, 'அனாமத்துக் கணக்கு: 540' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தங்கை கேள்வித்தாளைப் பார்த்தாள்.

"ஒம்பதால வகுபடுது. அப்படின்னா எங்கயோ எண் இடம் மாறியிருக்கும். வாடகை எவ்ளோ எழுதின?"

"ரெண்டாயிரத்து இருநூத்தி எண்பது."

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி இருபதுக்கா அது." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஒட்டுப் போடலயா?"

"போடல."

தங்கை கேள்வித்தாளை மடித்து அக்காவின் கையில் வைத்தாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இதற்கு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், எல்லாமே அதிகப்படி.

7

முடிவுகள்.

(அ) தேறிவிட்டாள். நாற்காலி கிடைத்தது. முதல் சம்பளத்தில் தங்கைக்குக் கைக்கடிகாரம். (ஒட்டு. அடித்துவிட்டேன்.)

(ஆ) தவறிவிட்டாள். ஆனாலும் அவள் கற்றுக்கொண்டது (இதுவும் ஒட்டுதான். பக்தியான ஒட்டு.)

(இ) முடிவு வரும் காலை. ஏழு ஐந்து. கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தங்கை வாசலில் செருப்பு மாட்டுகிறாள்.

"ஏய், இருடி. ஒண்ணு சொல்லணும்."

"வேன் வந்துரும்க்கா. சீக்கிரம்."

"தேங்க்ஸ்."

தங்கை ஒற்றைக் காலில் நின்றபடி திரும்பினாள். "இத எந்தத் தலைப்புல எழுதறது?"

"அனாமத்துல எழுதிக்கோ."

வேன் ஹாரன் அடித்தது. வட்டம் இன்னும் சுற்றுகிறது. அதற்குப் பின்னால் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால் கதை அழகாகச் சமமாகிவிடும். அவள் சொல்லிக்கொடுத்த பிறகும் அப்படிச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

பெற்றது ஒரு பக்கம், இந்தக் கதை மறுபக்கம். கூட்டிப் பார்த்துவிட்டேன், சமமாகவில்லை. வித்தியாசத்தை, வாசிக்கும் உங்கள் பெயரில் கீழே திறந்து வைக்கிறேன்.

அனாமத்துக் கணக்கு: