வெறும் மணல்

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இதெல்லாம் வேணாங்க" என்று டிரில் டீச்சர் சொன்னபோது அவள் கணவர் ஈரப் போர்வை ஒன்றின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். கடலுக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கும் அந்த அகலமான மணலில் கம்புகள் நட்டுக் கயிறு கட்டி, விடுதிகளிலிருந்து சலவைக்கு வரும் போர்வைகளைக் காயப்போடுவது அவர் தொழில். கடைக்கு மாடியும் இல்லை, முற்றமும் இல்லை. வெயிலும் காற்றும் காசில்லாமல் கிடைக்கிற இந்த இடம் போய்விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஈரத்துணியை வேற எங்க போடச் சொல்ற? உன் தலையிலயா?"

"அதிகாரி வர்றாருங்க. அந்த மனுஷன் கண்ணுல மொதல்ல படுறது லாட்ஜ் போர்வையாவா இருக்கணும்? நம்ம போராட்டத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"சரிங்க தலைவரே" என்று அவர் கயிற்றை அவிழ்த்துக் கம்புகளைப் பிடுங்கத் தொடங்கினார். போராட்டம் என்றாலே அவருக்குக் கிண்டல்தான். இத்தனை மாதத்தில் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. கூப்பிட்டால், "ஊருக்கு முன்னாடி கையைத் தூக்கிக் கத்துறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கும்மா. நீ போய் கத்து, நான் சமைச்சு வெக்கிறேன்" என்பார். சொன்னபடி சமைத்தும் வைப்பார், அதனால் அவளால் சண்டையும் போட முடியாது.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி இந்த மணலைக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. சுற்றிலும் வேலி, வாசலில் டிக்கெட், உள்ளே உணவகம், நீச்சல் குளம். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனாவது குளம் வெட்டுவானா? அவர்கள் வெட்டுவார்களாம். மனுவில், 'இது மக்கள் பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்று வேறு எழுதியிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து டீச்சருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அது உண்மையா பொய்யா என்று நேரில் பார்த்து எழுதத்தான் அதிகாரி வருகிறார். அவர் எழுதுவதுதான் முடிவு.

பயன்பாட்டில் இல்லையா? எத்தனை பேர் என்று காட்டுகிறேன் வா, என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தியே பழகிய கை. ஒரு வாரமாக சாயங்காலங்களில் ஊர் ஜனத்தையும் பள்ளி மைதானத்தில் நிறுத்திப் பழக்கியிருந்தாள். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், விசில் அடித்தால் கோஷம், எல்லாருடைய கையும் ஒரே சமயத்தில் மேலே போக வேண்டும். இன்று விடிந்ததும் மணலில் இறங்கி, பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களைக் காதைப் பிடிக்காத குறையாக விரட்டினாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரை வண்டியோடு அப்புறப்படுத்தினாள். முழங்கால் ஆபரேஷன் ஆகி மணலில் நடை பழகும் பெண்கள், தென்னை நிழலில் சீட்டாடும் கிழவர்கள், பாறைக்குப் பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்த காதல் ஜோடி, ஒருவரையும் விடவில்லை. "எல்லாரும் ரோட்டோரம் வாங்க! வரிசைல நில்லுங்க!" குப்பையெல்லாம் பொறுக்கி, மணலைப் பெருக்கியும் விட்டார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஜீப் வந்தது. விசில் அடித்தாள். "கடற்கரை எங்கள் சொத்து!" என்று நூற்றுக்கணக்கான கைகள் மேலே போயின. அதிகாரி கும்பிட்டுவிட்டு வரிசையைக் கடந்து மணலில் இறங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். அங்கங்கே நின்று படம் எடுத்தார். அசந்துபோய்விட்டார் மனுஷன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்து, "இவ்வளவு பேரும் எங்கேர்ந்து வந்திருக்கீங்க மேடம்?" என்றார்.

"எல்லாரும் இந்த ஊர்தான் சார். தினம் இங்க வர்றவங்க."

"வந்து?"

"வந்து... விளையாடுவாங்க, நடப்பாங்க, கார் ஓட்டப் பழகுவாங்க. துணி காயப்போடுவாங்க..."

அவர் திரும்பி மணலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவருடைய பூட்ஸ் தடத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

"நான் பார்த்தது வெறும் மணல். பார்த்ததைத்தானே மேடம் எழுத முடியும்?" அவர் குரலில் நக்கல் இல்லை, மிரட்டல் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டவாவது செய்திருப்பாள்.

"நான்தான் சார் எல்லாரையும் இங்க நிக்க வெச்சேன்!"

"இருக்கலாம். ஜனங்க சாதாரணமா இங்க புழங்குற வீடியோ ஏதாவது இருந்தா இருட்டுறதுக்குள்ள எனக்கு அனுப்புங்க. நாளைக்குக் காலைல ரிப்போர்ட் போயிடும்."

போராட்டக் குழுவில் இருந்த அத்தனை பேரும் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். கோஷம் இருந்தது, பேனர் இருந்தது, சூரியன் மறைவது விதவிதமாக இருந்தது, அவரவர் மூஞ்சி இருந்தது. போர்வை காய்வதையும் கிழவர்கள் சீட்டாடுவதையும் எவன் படம் எடுப்பான்? கலைந்து போகிறவர்கள் விஷயம் தெரியாமல், "டீச்சர், இன்னைக்கு அசத்திட்டீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடைக்குப் போய்க் கணவரிடம் அதிகாரி வெறும் மணல் என்று எழுதப்போவதைச் சொன்னாள், வீடியோ கேட்டதை மட்டும் சொல்ல விட்டுப்போனது. அவர் ஈரப் போர்வைக் கூடையைத் தோளில் தூக்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இப்படி மணலைக் காலி பண்றியேன்னு?"

"எனக்கு மட்டும் தோணுச்சா என்ன? தோணியிருந்தாலும் நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"இது நாறிப்போயிடும். நான் போய்ப் போடுறேன்" என்று அவர் நடந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு அவளும் போனாள். போய்ப் பார்த்தால், யாரும் சொல்லாமலே எல்லாரும் வந்திருந்தார்கள். பந்து பறந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் கார் விக்கி விக்கி வட்டம் போட்டது. கிழவர்கள் சீட்டுக்காகச் சண்டை போட்டார்கள். நடை பழகும் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள். காதல் ஜோடிகூடக் குடையோடு திரும்பியிருந்தது. அட என் தெய்வங்களே என்று அவள் அவசரமாகப் போனை எடுத்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது.

"டேய், டீச்சர் வீடியோ எடுக்குறாங்கடா!"

பந்து அப்படியே நின்றது. கார் நின்றது. பையன்கள் ஓடி வந்து முன்னால் நின்றார்கள், பெண்கள் அவர்களுக்குப் பின்னால், சீட்டை மடித்து வைத்துவிட்டு வந்த கிழவர்கள் அதற்கும் பின்னால். கை மேலே போனது. "கடற்கரை எங்கள் சொத்து!"

"ஐயோ, கத்தாதீங்க! விளையாடுங்க! என்னைப் பாக்காதீங்க!" என்று அவள் கையை ஆட்டி ஆட்டி அலறினாள். காற்று அவள் பக்கம் வீசியதால் அவள் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. சத்தம் போதவில்லை என்றுதான் டீச்சர் கையை ஆட்டுகிறாளாக்கும் என்று அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். பாறைக்குப் பின்னாலிருந்து அந்த ஜோடியும் எழுந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றது.

முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். சத்தத்தைப் பொருட்படுத்தாமல், கம்புகளுக்கு நடுவே, அவர் ஒரு போர்வையைக் கயிற்றில் போட்டு ஓரம் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் போனை அந்தப் பக்கம் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இது போதும், இது ஒன்று போதும். திரும்பிடாதீங்க. என்னங்க, தயவு செஞ்சு திரும்பிடாதீங்க.

அடுத்த போர்வையை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்து திரும்பினார். வரிசையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அதற்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது அந்தத் தூரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். யாராவது சிரிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு துவைத்த போர்வையை அப்படியே மணலில் போட்டுவிட்டு, கூச்சத்தோடு, வலது கையை மெல்ல மேலே தூக்கினார்.