மூன்றாவது ஆள்

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவைக்கூடத்தில் நீராவி முகத்தில் அறைந்தது. ஈரம் சொட்டும் ஓட்டல் விரிப்பு ஒவ்வொன்றும் கல்லாய்க் கனத்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, துணியைத் தேய்த்து உலர்த்தும் கொதிக்கும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். சத்தக்காரிக்கு இது பதினோராவது வருஷம். உருளையின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசியே வந்த பெயர் அது. எதிர்முனையில் நெட்டையன்.

நான்கு மாதத்தில் இந்தக் கூடத்து ஆட்கள் இருவர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதி முடித்தார் முதலாளி. அப்புறம் பெரிய மனசு பண்ணிச் சுவரில் ஒரு படம் ஒட்டினார். பல்லை இளிக்கும் சூரியன். கீழே, 'சிரியுங்கள், வாழ்க்கை இனிது'. அதே வாரம் வேலை நேரத்தைப் பதினான்கு மணி நேரமாக்கி, வார விடுமுறையையும் பிடுங்கிக்கொண்டார். எப்போது சிரிப்பது என்பதை மட்டும் அந்த மகராசன் சொல்லவில்லை.

அன்று நெட்டையன் தன் ரேடியோவை நீட்டினான்.

"அக்கா, நீயே வச்சுக்கோ. எனக்கு இனிமே வேண்டாம்."

இறந்துபோன இருவரில் ஒருத்தியும் சாவதற்கு முன் இப்படித்தான் தன் கம்பளியைச் சத்தக்காரியிடம் கொடுத்தாள். அன்றைக்கு ஊர் நியாயமெல்லாம் பேசும் இந்த வாய், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உருளையை நிறுத்தினாள்.

"தம்பி, நேராவே கேக்குறேன். சாகணும்னு நினைக்கிறியா?"

அவன் முகம் கோணியது. ஈர விரிப்புகளின்மேல் அப்படியே உட்கார்ந்து குலுங்கி அழுதான். "தூக்கமே இல்லக்கா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"சொல்லிட்டேல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். உன்னைத் தனியா விடமாட்டேன்."

உருளை நின்றதும் முதலாளி ஓடிவந்தார். ஆள் செத்தபோது நடந்து வந்தவர்.

"என்ன நாடகம் இது?"

"இவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"மனசுல தெம்பில்லாதவனை எல்லாம் வேலைக்கு வச்சேன் பாரு! வெள்ளிக்கிழமை தன்னம்பிக்கைப் பேச்சுக்கு ஆள் வருது. அதுவரைக்கும் பொறுக்க முடியாதா?"

"ஒரே தொட்டித் தண்ணி குடிச்ச மூணு பேருக்கு வாந்தி வந்தா, மூணு வயித்தையும் திட்டுவீங்களா? தொட்டியத் தொறந்து பாக்க மாட்டீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் காது சிவந்தது.

"வாசலைத் தாண்டினா திரும்பி வராதீங்க!"

அப்போது, வருஷக்கணக்கில் வாயே திறக்காத கொதிகலன்காரர் நீராவிக் குழாயை மூடினார். "அப்ப எல்லாரும்தான் போகணும்" என்றார். ஒவ்வொரு இயந்திரமாக ஓய்ந்தது.

மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒரு மணி நேரம் நெட்டையனிடம் பேசினார். "இது உங்க கோழைத்தனமில்ல. குணமாகக்கூடிய கஷ்டம். ஆனா தூங்க விடாத வேலையும் மாறணும்" என்றார். அவன் கூடப்பிறந்த அக்கா வந்து சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகே சத்தக்காரி கிளம்பினாள்.

சலவைக்கூடத்தின் கதவை முதலாளி உள்ளிருந்து பூட்டியிருந்தார். வெளியே மற்ற இருபத்து மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, வைத்தியத்துக்கு விடுப்பு என்று எழுதி உள்ளே அனுப்பிய காகிதத்துக்குப் பதில் வரவில்லை. அவளைக் கண்டதும் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.

"அவன் எப்படி இருக்கான்?"

"பேசுறான். பசிக்குதுன்னான்."

கொதிகலன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு அவன்கூட யார் இருக்கிறது?"

இருபத்து மூன்று கைகளும் உயர்ந்தன.